சாய்ந்த ஏரி

என் கையால் கோணல் படம் ஒன்றுகூட வெளியே போனதில்லை. இதைப் போன மாதம் வரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இருபத்தெட்டு வருடமாக ஒரே ஸ்டூடியோவில் வேலை. கல்யாணம், ஆண்டு விழா எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னுடையது பாஸ்போர்ட் சைஸ். வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு, நான். வந்தவர் உட்கார்ந்ததும் மோவாய்க்குக் கீழே இரண்டு விரல் கொடுத்துத் தலையை நேராக்குவேன். இரண்டு காதும் ஒரே அளவு தெரிய வேண்டும், இரண்டு கண்ணும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அதற்குமேல் முகம் எப்படி இருக்கிறது என்பது அவரவர் தலையெழுத்து. விரலுக்கு அடங்காத தலையாக இருந்தால், படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் மொத்தப் படத்தையும் ஒரு திருப்புத் திருப்பி, ஓரங்களை வெட்டிவிடுவேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பிரிண்ட் போடும் காகிதத்தையே கொஞ்சம் திருப்பி வைப்பேன். நேராக இல்லாத தலையைப் பார்த்தால் எனக்கு உடம்பு அரிக்கும். அது ஒரு வியாதி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கு அவர் வைத்திருக்கும் பேர் ‘ஸ்கேல்’.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் எழும்பும் இடத்தில், எல்லா மாடிக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் தனியாக உட்கார்ந்து நாள் முழுக்கக் கீழே பார்க்கிற வேலை. டன் கணக்கில் கம்பிக் கட்டைத் தூக்கி, கீழே நிற்பவர் கை காட்டும் இடத்தில் பூப்போல இறக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவர் இறக்கிய பாரம் ஒருவர் காலைக்கூட உரசியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, அவர் வாக்கிடாக்கியில் கீழே இருப்பவரைக் கேட்டிருக்கிறார்.

“எந்தக் கொக்கியில மாட்டியிருக்க?”

“இருக்கறதே ஒரு கொக்கிதாண்ணே.”

அவர் கண்ணுக்கு இரண்டு தெரிந்திருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக, கீழே இருப்பது கொஞ்சம் சாய்வாக. மனிதர் பதறவில்லை. பாரத்தைக் காலி இடத்தில் இறக்கிவிட்டு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஏணியில் ஒவ்வொரு படியாகத் தடவிப் பார்த்து இறங்கி, இன்ஜினியரிடம் போய், “எனக்குக் கண்ணு சரியில்ல சார், இனி நான் ஏறக் கூடாது” என்று தானே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, பார்வையில் குறையே இல்லை என்றார். பிறகு எதற்கு இரண்டு தெரிகிறது என்று கேட்டதற்கு, “இதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காங்க. கண்ணுக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற நரம்பப் பாக்கறவங்க” என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கண்-நரம்பு டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். குரலை உயர்த்தவே தெரியாத பெண். அவர் அறையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு சின்ன டார்ச், விளிம்பில் வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு பட்டை, பிறகு அவருடைய விரல். விரலை மேலும் கீழும் நகர்த்தினார். என் வீட்டுக்காரர் தலையைக் கையால் பிடித்து வலப்பக்கம் சாய்த்தார். இரண்டு டார்ச் இன்னும் விலகித் தெரிகிறது என்றார் இவர். இடப்பக்கம் சாய்த்தார்; ஒன்றாகிவிட்டது என்றார். தலையை இப்படி ஆட்டி வைக்கிறாரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசை பிடிச்சு இழுக்குது” என்றார் டாக்டர். “வலது கண்ணக் கீழ இறக்கற தசைக்குப் போற நரம்பு சோர்ந்திருக்கு. நூல் மாதிரி மெல்லிசா இருக்கும். மண்டைக்குள்ள ரொம்ப தூரம் சுத்தி வர நரம்பு.”

“ஏன் டாக்டர் சோர்ந்துச்சு?”

“ரெண்டு விதமா இருக்கலாம். பொறவியிலேயே பலவீனமா இருந்து, இத்தனை வருஷம் சமாளிச்சுட்டு இப்ப முடியாம விட்டிருக்கலாம். அப்படின்னா பயமே இல்ல. இல்லேன்னா, இப்பப் புதுசா ஏதாவது அத அழுத்தலாம்.”

“ஏதாவதுன்னா?”

“பல காரணம் உண்டு. கட்டியாவும் இருக்கலாம்.”

கட்டி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய அண்ணன் மூளைக் கட்டியில் போனவர். நாற்பத்தாறு வயது. ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தபோது கூட இருந்து ஊட்டியது, குளிப்பாட்டியது, கடைசியில் தூக்கியது எல்லாம் இவர்தான். இவருக்கு இப்போது நாற்பத்தொன்பது.

“பொறவியிலேயே இருந்தா, சின்ன வயசுலேருந்தே தலைய ஒரு பக்கமா சாச்சுப் பழகியிருப்பாங்க. சாச்சா ரெண்டும் ஒண்ணாயிடும் இல்லையா? அவங்களுக்கே தெரியாம வர பழக்கம். உங்களுக்கு அப்படி உண்டா?” என்று டாக்டர் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி அவருக்கு, பதில் என்னிடமிருந்து. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி.

“இல்லவே இல்ல டாக்டர்” என்றேன். “பாருங்களேன், எப்படி உக்காந்திருக்காருன்னு.”

உண்மையிலேயே கொடிக்கம்பம் போல உட்கார்ந்திருந்தார். வலிக்கிறமாதிரி புருவத்துக்கு நடுவே ஒரு மடிப்பு. அது கல்யாணத்திலிருந்தே இருக்கிற மடிப்பு.

“எதுக்கும் பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க. எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. எங்க வேலையில பாதி பரிசோதனை ஆல்பத்துலதான்” என்றார் டாக்டர்.

படத்துக்கா பஞ்சம்? அடுத்த முறை ஐந்து ஆல்பத்தை இரண்டு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அவருக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றும் கிடையாது, அந்த வீட்டில் அதற்கெல்லாம் வசதி இல்லை. ஆனால் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இருபத்து நாலு வருடம், மாதத்துக்கு ஒன்றாவது நான் எடுத்திருக்கிறேன். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“எல்லாத்துலயும் தலை நேரா இருக்கு” என்றார் கடைசியில். “ரொம்ப நல்லா எடுத்திருக்காங்க. யாரு எடுத்தது?”

“நான்தான்” என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை.

டாக்டர் முகம் மலரவில்லை. “அளந்து பாத்ததுல பழசு மாதிரி தெரிஞ்சுது. போட்டோவப் பாத்தா புதுசுன்னு சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகலேன்னா நான் ரெண்டையும் நம்ப மாட்டேன். தலையில ஸ்கேன் எடுத்துடுவோம்” என்றார். ஸ்கேனுக்கு வரிசை நீளம். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் என் வீட்டுக்காரர் நல்லவர் ஆனார். இருபத்து நாலு வருடம் கூடவே வாழ்ந்த மனிதர் திடீரென்று நல்லவர் ஆவதைப்போல பயங்கரம் உலகத்தில் வேறு இல்லை. துவைத்த துணியை மடித்து வைத்தார். கீச்சிட்ட கதவுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டியில் எந்த வால்வைத் திருகினால் எந்தக் குழாய் நிற்கும் என்று இரண்டு முறை காட்டினார்.

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? நீங்க இருக்கீங்கல்ல?” என்றேன்.

“தெரிஞ்சு வெச்சுக்கோ. ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டே.”

வீட்டுக்குள் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டுதான் நடந்தார். டீயைக் கப்புக்குப் பக்கத்தில் ஊற்றினார். “ரெண்டு கப்பு தெரியுது ஸ்கேலு, எதுல ஊத்தறதுன்னு ஒரு குழப்பம்” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். துடைக்கிற சாக்கில் மேஜைப்பக்கம் குனிந்துகொண்டேன். வெளியூரில் படிக்கும் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை நேரம் அவளுக்கு.

ஏழாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றார்.

“ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது.”

“கோவப்படற விஷயமா இருந்தா கோவப்படுவேன். சொல்லுங்க.”

“நல்லதா ஒரு போட்டோ பெருசு பண்ணி வெச்சிரு. அண்ணன் போனப்போ அவசரத்துல எதையோ அடையாள அட்டையிலேருந்து எடுத்துப் பெருசு பண்ணோம். மூஞ்சியே தெரியல. வீட்டுல போட்டோ எடுக்கறவ இருந்தும் எனக்கும் அப்படி ஆயிடக் கூடாது பாரு.”

“வாயக் கழுவுங்க!” என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நாய், பேய், அறிவு இருக்கா என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைவரைக்கும் அழுதேன்.

மத்தியானம் ஸ்டூடியோவில் ஆள் இல்லை. கத்தினேனே தவிர, அவர் சொன்னது உள்ளே உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றது. ஒருவேளை, ஒருவேளை அப்படியே ஆகிவிட்டால், அவரை மங்கலாகச் சுவரில் மாட்டி வைத்துப் பார்க்க என்னால் முடியாது. கை தானாகக் கம்ப்யூட்டரில் வீட்டுப் படங்களைத் திறந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மகளுக்கு ஐந்து வயது. ஒரு கையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கிறார். மார்புவரைக்கும் வெட்டிய படம். ஆல்பத்தில் உள்ளங்கை அளவுதான் இருக்கும். திரை முழுக்கப் பெரிதாக்கினேன்.

முகம் நேராக, அழகாக இருந்தது. தோளுக்குப் பின்னால் ஏரி சாய்ந்திருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் அவருடைய இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் சரிந்து நின்றது. தண்ணீர் எங்கேயாவது சரிந்து நிற்குமா? படத்தைப் பார்க்கும்போது நான் முகத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. இத்தனை வருடம் அந்த ஏரியை நான் பார்க்கவே இல்லை. மவுஸைப் பிடித்து, ஏரி மட்டமாகும்வரை படத்தைத் திருப்பினேன். ஏரி மட்டமானது. அவர் தலை இடது தோள்பக்கம் சாய்ந்தது.

அடுத்த படத்தைத் திறந்தேன். அவர் நேராக நிற்க, பின்னால் கதவு நிலை சரிந்திருந்தது. கதவை நிமிர்த்தினேன், தலை இடப்பக்கம் சாய்ந்தது. இன்னொன்றில் விளக்குக் கம்பம். இன்னொன்றில் மேஜைமேல் பாட்டில், பாட்டிலுக்குள் தண்ணீர் கோணலாக. ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒவ்வொரு முறையும் தலை அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு. கல்யாணமான முதல் வருடத்துப் படத்தை, காகிதத்தைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டதை, ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அதில் சுவர்க் கடிகாரம் சரிந்திருந்தது. அவர் ஒருவரை நேராக்க வேண்டி நான் இருபத்து நாலு வருடமாக உலகம் முழுவதையும் சாய்த்து வைத்திருக்கிறேன்.

“பழசு!” என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். முதலாளி உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“தலை சாயுது சார்!”

“யாரு தலை?”

“எங்க வீட்டுக்காரர் தலை!”

“அதுக்கா இப்படிச் சிரிக்கற?” என்று அவர் என்னைப் பயத்தோடு பார்த்தார்.

சிரித்து முடிந்தபிறகுதான் மற்றது உறைத்தது. அவருக்குத் தலை சாயும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. அதைப் பழக்கம் என்று நான் நினைத்ததே இல்லை, சோம்பல் என்று நினைத்தேன். சாப்பிடும்போது “நிமிருங்க”. டிவி பார்க்கும்போது “நிமிருங்க”. விருந்தாளி வீட்டில் முழங்கையால் ஓர் இடி. கல்யாணமான புதிதில், நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள், நான் நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று என் தங்கையிடம் சவால் விட்டிருக்கிறேன். ஜெயித்தும் விட்டேன். நான் பக்கத்தில் இருக்கும்போது அவர் தலை சாய்வதே இல்லை. கேமராவுக்குப் பின்னால் நான் போகிற நேரத்தில் கொஞ்சம் நழுவியதை, என் கை யோசிக்காமலே படத்தில் நிமிர்த்திவிட்டிருக்கிறது. படம் எடுத்து முடித்ததும் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு “தலை வலிக்குது” என்பார். “ஒரு நிமிஷம் நேரா வெச்சா தலை என்ன தேஞ்சா போயிடும்?” என்று கேட்பேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவரை இழுத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். முன்பதிவு இல்லை என்று உள்ளே விட மறுத்த நர்ஸிடம் சண்டை போட்டேன். கடைசியில் டாக்டரே வந்து கூப்பிட்டார். படங்களை இரண்டு விதமாகவும் பிரிண்ட் போட்டிருந்தேன். ஒரு வரிசையில் அவர் நேர், உலகம் கோணல். இன்னொரு வரிசையில் உலகம் நேர், அவர் கோணல். மேஜையில் பரப்பிவிட்டு, நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் படங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“ஏன் டாக்டர்?”

“நீங்க இருக்கற வரைக்கும் இவரு தலை சாயாது.”

வெளியே வந்து கதவை மூடினேன். கதவில் உயரவாக்கில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் ஓரமாக நின்று பார்த்தேன். டாக்டர் ஏதோ கேட்கிறார். கிரேனைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இவர் கைகள் இரண்டையும் தூக்கிக் கம்பி எப்படி இறங்கும், காற்றடித்தால் எப்படி ஆடும் என்று காட்ட ஆரம்பித்தார். பேச்சு சூடு பிடித்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாக இடது தோள்பக்கம் போய் நின்றது. புருவத்துக்கு நடுவே இருந்த அந்த மடிப்பு மறைந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே அவருக்கு இருப்பது என்று நான் நினைத்திருந்த மடிப்பு. அந்தக் கண்ணாடிக் கூண்டில் பத்தொன்பது வருடம் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், நிமிரச் சொல்ல ஆள் இல்லாமல். எவ்வளவு லேசான முகம். எவ்வளவு பிடித்தமான முகம். கட்டிக்கொண்ட புருஷனை முதல் முறையாகப் பார்க்கிறவள் மாதிரி நின்றேன்.

டாக்டர் அந்தக் கண்ணாடிப் பட்டையை அவர் கண்முன் வைத்து, படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார். நான்கு, ஐந்து, ஆறு என்று துண்டுகள் நகர, அவர் “ஒண்ணுதான், ஒண்ணுதான்” என்பதுபோல விரலைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிறகு டாக்டர் கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார்.

“பொறவியிலேயே வந்ததுதான். கட்டி கிட்டி எதுவும் இல்ல. இந்தக் கண்ணாடித் துண்டு உருவத்த எவ்வளவு விலக்கினாலும் ஒண்ணா சேத்துப் பாக்கறாரு. வருஷக்கணக்கா பாடுபட்டுப் பழகின கண்ணுக்குத்தான் இவ்வளவு தெம்பு வரும். புதுசா நரம்பு போனவங்களால இதுல கால்வாசிகூட சேத்துப் பாக்க முடியாது.”

“அப்ப ஸ்கேனு?”

“உங்க மனசு கேக்கலேன்னா எடுத்துக்கோங்க. எனக்கு வேணாம். ரெண்டு உருவத்தயும் ஒண்ணாக் காட்டற ப்ரிசம் வெச்ச கண்ணாடி எழுதித் தரேன். போட்டுப் பழகி ஒண்ணாத் தெரிஞ்சா வேலைக்கு ஏறலாம். போதலேன்னா கண்ணுல சின்னதா ஒரு ஆபரேஷன், அவ்வளவுதான். தலைய யாரும் தொட வேண்டாம்.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பார்வை என் விரல்கள்மேல் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கடவுளே, கடவுளே என்று இரண்டு தடவை சொன்னேன். “உள்ள வாங்க” என்று டாக்டர் கூப்பிட்டார். நான் உள்ளே போனால் அவர் நிமிர்ந்துவிடுவார். இன்னும் ஒரு நிமிடம் அந்த முகம் அப்படியே இருக்கட்டும் என்று நின்றேன். டாக்டர் என் தோளைத் தொட்டார். போனேன்.

என்னைப் பார்த்த நொடியில் அவர் தலை விருட்டென்று நேரானது. மடிப்பு திரும்பி வந்தது.

“நிமிராதீங்க” என்றேன்.

“என்னது?”

“நேரா வெச்சா உங்களுக்கு என்னங்க தெரியும்? நான் போட்டோ எடுக்கும்போது?”

அவர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ ரெண்டா தெரிவே” என்றார், இதில் என்ன இருக்கிறது என்பதுபோல. “மேல ஒருத்தி, கீழ ஒருத்தி. கொஞ்ச நேரம் கண்ண இறுக்கிப் பிடிச்சா ஒண்ணாயிடுவே.”

“எத்தன வருஷமா?”

“கல்யாணத்துலேருந்துதான்.”

“ஏங்க சொல்லல?”

“எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். அந்தக் கேமரா வெளக்கு வெளிச்சத்துல யாருக்கா இருந்தாலும் ரெண்டாத்தானே தெரியும்னு.” பிறகு கொஞ்சம் தயங்கி, “ஒருத்தி மொறச்சாலே தாங்காது. ரெண்டு பேரும் சேந்து மொறைப்பீங்க. அந்த நேரத்துல என்ன பேசறது?” என்றார்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், வேறு என்னவோ சத்தம் வந்தது. கட்டி இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் பிறவியிலிருந்து இருப்பதுதான் என்று டாக்டர் அவருக்கு மறுபடியும் மெதுவாக விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் பேரைச் சொல்லி என்னவோ முணுமுணுத்தார்.

“கண்ணாடி வர வரைக்கும் தலைய எப்படி வெச்சா சௌகரியமோ அப்படி வெச்சுக்கோங்க” என்று டாக்டர் முடித்தார்.

அவர் டாக்டருக்குத் தலையாட்டவில்லை. என் பக்கம் திரும்பி, சின்னக் குரலில் கேட்டார்.

“சாச்சுக்கட்டுமா?”

தன் தலையை வைத்துக்கொள்ள என்னிடம் அனுமதி கேட்டார். “சாச்சுக்கோங்க” என்றேன். அவர் தலை மெதுவாக இடது தோள்பக்கம் போனது, பாதி வழியில் ஒருமுறை நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் போனது. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.